லேப்டாப் ஸ்லோவா இருக்கா? ஈஎம்ஐ போடறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்க



கிரெடிட் கார்டு ஈஎம்ஐ பத்தி நம்ம சேனல்ல வீடியோ போடும்போதெல்லாம் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "வீட்டு லேப்டாப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும். நோ காஸ்ட் ஈஎம்ஐ போட எந்த கார்டு பெஸ்ட்?"

ஒரு கார்டு பேரைச் சொல்லிட்டுப் போறது எனக்கு சுலபம். ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற: அந்த லேப்டாப்புக்கு என்ன ஆச்சு? இதைத் திருப்பிக் கேட்டா பெரும்பாலும் வர்ற பதில், "தெரியல, பழசாயிடுச்சு போல."

பழசாயிடுச்சுங்கறது காரணமே இல்ல. கம்ப்யூட்டர் சிப் வயசானதால மெதுவா ஓடாது. மேல ஓடுற சாஃப்ட்வேர் குவிஞ்சிருக்கும், டிஸ்க் நிரம்பியிருக்கும், ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும், இல்ல ஒரு பார்ட் போயிருக்கும். நான் பார்த்த வரைக்கும் இதுல பாதிக்கு மேல வீட்டுலயே சரி பண்ணக்கூடிய விஷயம்தான். அதனால என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: கோளாறு சாஃப்ட்வேர்லயா ஹார்ட்வேர்லயான்னு தெரியாம கம்ப்யூட்டருக்கு ஒரு ரூபாகூட செலவு பண்ணாதீங்க. புது லேப்டாப் மட்டுமில்ல, சர்வீஸ் கடைக்கும் இதே ரூல்தான்.

முதல்ல கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் ரூ.38,000. பைக் ஈஎம்ஐ 4,200, போன் ஈஎம்ஐ 2,500 ஏற்கெனவே ஓடுது. இப்போ ரூ.60,000 லேப்டாப், 12 மாசம், மாசம் 5,000. மூணும் சேர்ந்தா 11,700. சம்பளத்துல கிட்டத்தட்ட 31 சதவீதம். வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், சாப்பாடு எல்லாம் மிச்சத்துலதான். இந்த நிலைமையில எமர்ஜென்சி ஃபண்ட் எங்க இருந்து வரும்?

சரி, "நோ காஸ்ட்" தானேன்னு கேப்பீங்க. வட்டியே இல்லாத ஈஎம்ஐ-னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. நடக்கறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துட்டு, அந்த வட்டியை பேங்க் உங்ககிட்ட ஈஎம்ஐ மூலமா வாங்கிக்கும். வட்டி 16 சதவீதம்னு வச்சுக்குங்க. நீங்க கட்டுற 60,000-ல சுமார் 4,900 வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் ரூ.880. ப்ராசஸிங் ஃபீ 199-னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக மொத்தம் ரூ.1,100-க்கு மேல கூடுதலா போகுது. ரொக்கமா வாங்கினா கிடைச்சிருக்கற தள்ளுபடி தனி.

இன்னொரு கணக்கையும் பாருங்க. 60,000 ரூபா லேப்டாப்பை 4 வருஷத்துல மாத்தினா வருஷத்துக்கு 15,000 செலவு. அதே லேப்டாப்புக்கு நடுவுல 5,000 செலவு பண்ணி 7 வருஷம் ஓட்டினா வருஷத்துக்கு சுமார் 9,300. மியூச்சுவல் ஃபண்ட் எக்ஸ்பென்ஸ் ரேஷியோல கால் சதவீதம் மிச்சம் பண்ண ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாக்கறோம். இதுல வருஷத்துக்கு 5,700 ரூபா மிச்சமாகுது. இதுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாம் இல்லையா?

"ஃபார்மட் பண்ணிடலாம் சார்"

கடைக்கு எடுத்துட்டுப் போனா முதல் பதில் இதுதான். ஃபார்மட் பண்ணா பல நேரம் சரியாயிடும்ங்கறது உண்மை. ஏன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறோம். ஆனா காரணம் என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. டிஸ்க் சாகப்போற நிலைமையில இருந்தா மூணு மாசத்துல அதே பிரச்சனை திரும்ப வரும், அப்போ டேட்டாவும் போகும். ஸ்டார்ட்அப்ல 15 ஆப் ஓடினதுதான் காரணம்னா, அதே ஆப்களை நீங்க திரும்ப இன்ஸ்டால் பண்ணுவீங்க, திரும்ப ஸ்லோ ஆகும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கடை வரைக்கும் நல்ல டெக்னீஷியன்கள் நிறைய பேர் இருக்காங்க, அவங்களை நான் குறை சொல்லல. நல்லவங்களைக் கண்டுபிடிக்க ரெண்டு கேள்வி போதும்: "என்ன கோளாறு? அதை எப்படி கண்டுபிடிச்சீங்க?" இதுக்கு நிதானமா பதில் சொல்றவர்கிட்ட லேப்டாப்பைக் கொடுங்க. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்"னு சொன்னா எடுத்துட்டு வந்துடுங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. உங்க லேப்டாப்ல பான் கார்டு, ஆதார் ஸ்கேன், சேலரி ஸ்லிப், குடும்ப போட்டோ எல்லாம் இருக்கு. பிரவுசர்ல பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்கு. அதோட லாகின் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டிக் கொடுத்துட்டு வர்றோம். வீட்டுச் சாவியை யாருக்காவது கொடுக்கறப்ப எவ்ளோ யோசிப்போம்! கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி பிரவுசர்ல இருந்து சைன் அவுட் பண்ணுங்க, சேவ் பண்ண பாஸ்வேர்டை எடுத்துடுங்க, முக்கியமான ஃபைலை வேற டிஸ்குக்கு மாத்துங்க.

கண்டுபிடிக்கறது எப்படி?

இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. டாக்டர் கேக்கற மாதிரி ரெண்டு கேள்வியில ஆரம்பிங்க. எப்ப இருந்து இப்படி? அதுக்கு முந்தின வாரம் என்ன மாத்தினீங்க? புது ஆப், புது பிரின்டர் டிரைவர், பெரிய அப்டேட் ஏதாவது ஒண்ணு ஞாபகம் வந்தா பாதி வேலை முடிஞ்சது. ஞாபகம் வரலைன்னா விண்டோஸே குறிச்சு வச்சிருக்கும். ஸ்டார்ட் மெனுவுல "ரிலையபிலிட்டி"ங்கற ஆங்கில வார்த்தையைத் தேடினா ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். எந்தத் தேதியில என்ன இன்ஸ்டால் ஆச்சு, எது கிராஷ் ஆச்சுன்னு நாள்வாரியா காட்டும். பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி தான், வரி வரியா படிங்க.

இந்த வரிசையில போங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. நாலு விஷயத்தை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

1. ரீஸ்டார்ட். சிரிக்காதீங்க. தினமும் ஷட் டவுன் பண்றேன்னு நீங்க நினைக்கலாம். ஆனா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்றப்ப சிஸ்டத்தோட உள்பகுதியை டிஸ்க்ல சேவ் பண்ணி வச்சு, அடுத்த நாள் அதையே எடுத்து ஓட்டும். முழுசா புதுசா ஆரம்பிக்கறது "ரீஸ்டார்ட்" கொடுத்தாதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல சிபியு-வை அழுத்தினா "அப் டைம்"னு இருக்கும். அதுல 20 நாள், 30 நாள்னு காட்டுச்சுன்னா உங்க முதல் மருந்து ஒரு ரீஸ்டார்ட் தான்.

2. டாஸ்க் மேனேஜர்ல மூணு காலம். சிபியு, மெமரி, டிஸ்க். ஸ்லோவா இருக்கற நேரத்துல எது 90, 100-ல நிக்குதுன்னு பாருங்க. மெமரின்னா உங்க ரேம் பத்தல, இல்ல பிரவுசர்ல 40 டேப் திறந்திருக்கு. சிபியு-ன்னா எந்த ஆப் அதைச் சாப்பிடுதுன்னு அங்கேயே பேர் தெரியும். விண்டோஸ் அப்டேட் ஓடுதுன்னா ஒரு மணி நேரம் சார்ஜர் போட்டு விட்டுடுங்க, தானா அடங்கும். ஒண்ணுமே திறக்காதப்பவும் டிஸ்க் எந்நேரமும் 100-ல நிக்குதுன்னா அதுதான் முக்கியமான க்ளூ. உள்ள இருக்கறது பழைய ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டி-யான்னு அதே பக்கத்துல எழுதியிருக்கும்.

3. ஸ்டார்ட்அப் ஆப்ஸ். அதே டாஸ்க் மேனேஜர்லயே இருக்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானா ஓடுற ஆப் லிஸ்ட். மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரின்டர் உதவியாளர், எப்பவோ போட்ட டவுன்லோடர் எல்லாம் வரிசையா நிக்கும். உங்களுக்குத் தெரிஞ்ச, தேவையில்லாத ஆப்பை டிஸேபிள் பண்ணுங்க. இது அன்இன்ஸ்டால் இல்ல, வேணும்னா பிறகு திறந்துக்கலாம். சம்பள அக்கவுன்ட்ல இருந்து தானா போற ஆட்டோ டெபிட் மாதிரி தான் இதுவும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும்.

4. சி டிரைவ். சிவப்பு கலர்ல நிக்குதா? விண்டோஸுக்கு மூச்சு விட இடம் வேணும். 15, 20 சதவீதம் காலியா வையுங்க. செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ். பழைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் மட்டுமே பல ஜிபி பிடிச்சிட்டு இருக்கும். டிக் போடறதுக்கு முன்னாடி "டவுன்லோட்ஸ்" அந்த லிஸ்ட்ல சேர்ந்திருக்கான்னு பாருங்க. உங்க ஃபார்ம் 16 அங்கதான் கிடக்கும்!

5. சேஃப் மோட். விண்டோஸை ரொம்ப அவசியமான சாஃப்ட்வேரோட மட்டும் ஓட்டிப் பாக்கற முறை இது. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தா அதுக்கான மெனு வரும். சேஃப் மோட்ல நல்லா ஓடுதுன்னா கோளாறு ஏதோ ஆப் அல்லது டிரைவர்ல, அதாவது சாஃப்ட்வேர்ல. சமீபத்துல போட்டதை எடுங்க, இல்ல சிஸ்டம் ரீஸ்டோர்ல அந்தத் தேதிக்கு முன்னாடி போங்க. சேஃப் மோட்லயும் அதே மாதிரி உறைஞ்சு நிக்குதுன்னா ஹார்ட்வேர் மேல சந்தேகப்படலாம்.

6. ரீசெட். இது கடைசி. செட்டிங்ஸ்ல ரெக்கவரிக்குள்ள "ரீசெட் திஸ் பிசி" இருக்கு, கடைக்காரர் பண்ற ஃபார்மட்டுக்கு நிகரானது. ஃபைலை வச்சுக்கிட்டும் பண்ணலாம், எல்லாத்தையும் அழிச்சும் பண்ணலாம். எது பண்ணாலும் நீங்க போட்ட ஆப் எல்லாம் போயிடும். பேக்கப் எடுக்காம இதைத் தொடாதீங்க.

இதெல்லாம் முடிஞ்சும் டிஸ்க்தான் காரணம்னு தெரிஞ்சா, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வரைக்கும் போகும். அதைவிட பெரிய வித்தியாசம், சின்னச் சின்ன ஃபைல்களை இங்கயும் அங்கயும் தேடி எடுக்கற வேகத்துல தெரியும். எஸ்எஸ்டி, ரேம் விலை ஏறி இறங்கிட்டே இருக்கும், அதனால வாங்கற அன்னைக்கு ரெண்டு மூணு இடத்துல கேளுங்க. எப்படிப் பார்த்தாலும் புது லேப்டாப்போட ஒப்பிட்டா சின்னத் தொகைதான். ஆனா சில மெல்லிய மாடல்கள்ல ரேம் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும், மாத்த முடியாது. மாடல் நம்பரை வச்சுப் பாத்துட்டு காசு கொடுங்க.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் உங்க சொந்த கம்ப்யூட்டருக்கு மட்டும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்ல கை வைக்காதீங்க. டிக்கெட் போட்டுட்டு ஐடி டீமுக்குக் காத்திருங்க. அது அவங்க சொத்து, அதுல இருக்கறது கம்பெனி டேட்டா.

நெட் பேங்கிங் மட்டும் திறக்கலையா?

எல்லாம் நல்லா ஓடுது, பேங்க் சைட்டும் இன்கம் டாக்ஸ் சைட்டும் மட்டும் "கனெக்‌ஷன் பாதுகாப்பா இல்ல"ன்னு சொல்லுதுன்னா முதல்ல கீழ் மூலையில தேதியைப் பாருங்க. கம்ப்யூட்டர் தேதி தப்பா இருந்தா பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆனதாவோ இன்னும் தொடங்காததாவோ அதுக்குத் தெரியும், அதனால எந்த பாதுகாப்பான சைட்டையும் நம்பாது. தேதியைச் சரி பண்ணியும் பவர் எடுத்தா திரும்ப பழைய வருஷத்துக்கே போகுதா? பல பழைய கம்ப்யூட்டர்ல மதர்போர்டுல காசு சைஸ்ல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்ல அதை மாத்தறது கடிகார பேட்டரி மாத்தற மாதிரி சின்ன வேலை, சின்னச் செலவு.

தேதி சரியா இருந்தா, பிரவுசர்ல இன்காக்னிட்டோ விண்டோவுல திறந்து பாருங்க. அதுல திறந்தா உங்க பழைய கேச் அல்லது எக்ஸ்டென்ஷன்தான் தகராறு பண்ணுது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனா நிறுத்திப் பாருங்க. இதுல ஒண்ணுக்குக்கூட புது லேப்டாப் தேவையில்ல.

நீலத் திரை வந்தா செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட பாதுகாப்பு சாஃப்ட்வேர்ல வந்த ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரைக்குப் போச்சு. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. விமானங்கள் நின்னுது, நம்ம நாட்டு ஏர்போர்ட்ல கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. அதுக்கான தீர்வு என்ன? சேஃப் மோட்ல போய், தப்பான அந்த ஒரு ஃபைலை அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்றது. கம்ப்யூட்டருக்கு ஒரு சேதாரமும் இல்ல.

ஆனா அன்னைக்கு நிறைய பேர் வேற ஒரு இடத்துல மாட்டினாங்க. சேஃப் மோடுக்குள்ள போகவே டிஸ்க் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டுச்சு. அந்த 48 இலக்க நம்பர் பலர்கிட்ட கைவசம் இல்ல.

இது உங்களுக்கும் நடக்கலாம். புது லேப்டாப் பலதுல டிஸ்க் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகியிருக்கும். பயாஸ்ல எதையாவது மாத்தினா, மதர்போர்டு மாத்தினா அந்த நம்பரைக் கேக்கும். இல்லைன்னா உள்ள இருக்கற அத்தனை ஃபைலும் பூட்டினது பூட்டினதுதான், எந்தக் கடைக்காரராலயும் திறக்க முடியாது. பெரும்பாலும் அந்தக் கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்கும். இன்னைக்கே லாகின் பண்ணிப் பாத்து ஒரு பேப்பர்ல எழுதி, நகை, பத்திரம் வைக்கற இடத்துல வச்சிடுங்க.

கூடவே பேக்கப். டர்ம் இன்ஷூரன்ஸ் வேணும்னு சேனல்ல தொண்டை தண்ணி வத்தப் பேசறேன். டேட்டாவுக்கு இன்ஷூரன்ஸ் பேக்கப்தான். ஒரு காப்பி லேப்டாப்ல, ஒண்ணு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல, ஒண்ணு கிளவுட்ல. லேப்டாப் போனா திரும்ப வாங்கிக்கலாம். அப்பாவோட பழைய போட்டோவும், தங்கச்சியோட ப்ராஜெக்ட் ஃபைலும் எந்த ஈஎம்ஐ-லயும் கிடைக்காது.

விண்டோஸ் 10 முடிஞ்சுடுச்சு, அதனால?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சது. "இனிமே இது வேஸ்ட் சார், புதுசு எடுத்துக்குங்க"ன்னு சொல்ல இது ஒரு நல்ல சாக்கு. ஒரு பகுதி உண்மைதான். பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டர்ல நெட் பேங்கிங் பண்ணக்கூடாது. ஆனா வழி மூணு இருக்கு.

முதலாவது, உங்க லேப்டாப் விண்டோஸ் 11-க்கு தகுதியானதான்னு மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக் ஆப்ல பாருங்க. டிபிஎம் 2.0 இல்லைன்னு வந்தா உடனே மனசை விட்டுடாதீங்க. பல மெஷின்ல அது இருக்கும், பயாஸ்ல ஆஃப்ல இருக்கும். ஆன் பண்ண செலவு பூஜ்யம். இன்டெல் 8-வது தலைமுறை ப்ராசஸர்ல இருந்து பெரும்பாலும் தகுதி உண்டு. அப்கிரேடும் இலவசம்.

ரெண்டாவது, தகுதி இல்லைன்னா, வீட்டுப் பயனாளிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கறதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. செட்டிங்ஸை அவங்க அக்கவுன்ட்டோட சிங்க் பண்ணா காசு கட்டாமலே சேரலாம். புதுசு வாங்க பணம் சேர்க்க இது ஒரு அவகாசம்.

மூணாவது, லினக்ஸ் மின்ட். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், சினிமா, தம்பி தங்கச்சியோட ஆன்லைன் கிளாஸ் இதுக்கெல்லாம் பழைய லேப்டாப்ல நல்லா ஓடும், இலவசம். பென் டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம். டேலி மாதிரி விண்டோஸ்ல மட்டும் ஓடுற சாஃப்ட்வேர் வேணும்னா இது உங்களுக்கு சரிப்படாது.

இலவசம், அவசரம், இது ரெண்டுதான் பொறி

கோளாறு வந்த பதட்டத்துலதான் பெரிய பணம் போகும்.

திடீர்னு ஸ்கிரீன் முழுக்க சிவப்பு, சைரன் சத்தம், "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க." அது வெறும் ஒரு வெப்சைட் தான். மைக்ரோசாஃப்டோட எரர் மெசேஜ்ல போன் நம்பர் வரவே வராது. டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை மூடுங்க, திரும்ப திறக்கும்போது பழைய டேபை மீட்காதீங்க. போன் பண்ணினா என்ன நடக்கும்? ஸ்கிரீனை ஷேர் பண்ற ஆப் போடச் சொல்வாங்க. ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பு சிவப்பா இருக்கற எரர்களைக் காட்டுவாங்க. அது எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கும், பயமுறுத்தத்தான் காட்டறாங்க. அப்புறம் ஃபீஸ், அப்புறம் ஓடிபி. சர்ச் பண்ணி மேல விளம்பரமா வர்ற "கஸ்டமர் கேர்" நம்பரும் இதே கதைதான். வாரன்ட்டி கார்டுல இருக்கற நம்பருக்கு மட்டும் போன் பண்ணுங்க.

ரிசர்வ் வங்கியோட 2017 விதிகள்படி, ஓடிபி-யை நாமே கொடுத்திருந்தா, பேங்குக்குச் சொல்ற வரைக்குமான நஷ்டம் நம்ம தலையில. அதனால பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க. வெக்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிச்சா போனது போனதுதான்.

அடுத்தது கிராக் சாஃப்ட்வேர். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க"ன்னு ஒரு வரி இருக்கும். ஏன் ஆஃப் பண்ணச் சொல்றாங்கன்னு யோசிங்க! பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டையும் லாகின் குக்கியையும் திருடற மால்வேர் இந்த வழியிலதான் சுலபமா உள்ள வருது. டீமேட் அக்கவுன்ட் இருக்கற கம்ப்யூட்டர்ல இது வேணுமா?

"பிசி கிளீனர்", "டிரைவர் அப்டேட்டர்"னு காசு கேக்கறதும் தேவையில்ல. மேல சொன்ன ஆறு வேலையும் விண்டோஸ்லயே இருக்கு, வைரஸுக்கு விண்டோஸ் செக்யூரிட்டியும் கூடவே வருது. ஏற்கெனவே கார்டு நம்பர் கொடுத்திருந்தா, ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க்ல இருந்து மெசேஜ் வரணும்ங்கறது விதி. அந்த மெசேஜைத் தள்ளிவிடாம படிங்க, பேங்க் சைட்லயே மேன்டேட்டை ரத்து பண்ணுங்க.

"என் நேரத்துக்கு மதிப்பில்லையா?"

நியாயமான கேள்வி. கணக்கே போட்டுடுவோம். 38,000 சம்பளம், 22 நாள், 8 மணி நேரம்னா மணிக்கு ரூ.216. அஞ்சு மணி நேரம் செலவு பண்ணாலும் சுமார் 1,080. நோ காஸ்ட் ஈஎம்ஐ-ல மறைஞ்சு போற தொகைதான் அது. உங்க சம்பளம் இதைவிட அஞ்சு மடங்குன்னா, நேரத்தை மிச்சம் பண்ணி நல்ல டெக்னீஷியனுக்குக் காசு கொடுங்க, தப்பே இல்ல. ஆனா அப்பவும் அந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க.

புதுசு வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. மதர்போர்டு போச்சு, ரிப்பேர் எஸ்டிமேட் புதுசோட விலையில பாதியைத் தாண்டுது, வாங்குங்க. வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் மாதிரி உங்க வேலையே இப்போ இருக்கற மெஷின் சக்தியைத் தாண்டிடுச்சு, வாங்குங்க, அது சம்பாதிக்கறதுக்கான கருவி. பேட்டரி உப்பியிருந்தா மட்டும் யோசிக்காம உடனே சார்ஜரை எடுத்துட்டு கடைக்குக் கொண்டு போங்க, அது பாதுகாப்பு விஷயம். வாரன்ட்டியில இருக்கறதை கம்பெனி சரி பண்ணித் தர மறுத்தா, ரெண்டாவது ஈஎம்ஐ-க்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

ஆனா வாங்கறதுன்னு முடிவு பண்ணா, காரணம் தெரிஞ்சு வாங்குங்க. டிஸ்க் ஸ்லோன்னு தெரிஞ்சா எஸ்எஸ்டி பாத்து வாங்குவீங்க, ரேம் பத்தலைன்னு தெரிஞ்சா 16 ஜிபி பாத்து வாங்குவீங்க. எதுவுமே தெரியாம வாங்கினா, விற்கறவர் காட்டறதைத்தான் வாங்குவீங்க. அதே ஸ்டார்ட்அப் ஆப், அதே 40 டேப், அதே நிரம்பின சி டிரைவோட ரெண்டு வருஷத்துல புது லேப்டாப்பும் ஸ்லோ ஆகும். அப்போ ஈஎம்ஐ முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும்.

இந்த சனிக்கிழமை காலையில காபியோட உக்காருங்க. முதல்ல பேக்கப், அடுத்து ரெக்கவரி கீ, அப்புறம் மேல சொன்ன ஆறு படி. எது 100-ல நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. சரியாயிடுச்சுன்னா, கட்டறதுக்குத் தயாரா இருந்த அந்த 5,000-க்கு அதே தேதியில ஒரு ஆர்டி போடுங்க. 12 மாசத்துல 60,000 உங்க பேர்ல இருக்கும். அப்போ லேப்டாப் உண்மையிலேயே போச்சுன்னா, ரொக்கமா பேரம் பேசி வாங்கலாம்.

எந்த பேங்க்ல ஆர்டி வட்டி எப்படி இருக்குன்னு சேனல்ல தனியா பேசுவோம்.